பாரம் தூக்கும் ஜக்: தெரிவு செய்வதும் பத்திரமாக வைப்பதும்

அறுவடை முடிந்து நாற்பது மூடை நெல்லுடன் உழவு இயந்திரப் பெட்டி குளக்கட்டுப் பாதையால் வந்துகொண்டிருக்கிறது. பெட்டியின் ஒரு சில்லு காற்றுப்போய் விடுகிறது. வானம் இருண்டு வருகிறது. இந்த நேரத்தில் ஒரு போகத்தின் முழு உழைப்பும் ஒரு சிறிய கருவியிலேயே தங்கியிருக்கிறது. அதுதான் பாரம் தூக்கும் ஜக்.

நல்ல ஜக் கையில் இருந்தால் அரை மணித்தியாலத்தில் சில்லை மாற்றிவிட்டுப் போகலாம். இல்லாவிட்டால் மூடைகளை இறக்க வேண்டும், ஆள் தேட வேண்டும், வேறு உழவு இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால் நெல் நனைந்து முளைவிடும்.

எங்கள் பகுதிகளில் பலரிடம் ஜக் இல்லாமல் இல்லை. இருந்தும் தேவையான நேரத்தில் அது உதவுவதில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, ஜக் வாகனத்தின் பாரத்துக்கோ உயரத்துக்கோ பொருத்தமற்றதாக இருக்கும். இரண்டு, வைத்த இடத்தில் ஜக் நிலத்தினுள் புதைந்துவிடும். மூன்று, கவனமின்றிப் போட்டு வைத்ததால் அது கறள் பிடித்திருக்கும், ஒயில் ஒழுகியிருக்கும், அல்லது காணாமற் போயிருக்கும். இந்த மூன்றையும் எப்படித் தவிர்ப்பது என்று இப்பாடத்தில் படிப்போம்.

1. முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள்

கடைக்காரர் தருவதை வாங்குவதற்கு முன் உங்கள் வாகனத்தின் பாரத்தை நீங்களே கணக்கிட வேண்டும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

மூடை ஒன்று 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 மூடை 2,600 கிலோ ஆகும். வெறும் பெட்டி 800 கிலோ என்றால் மொத்தம் 3,400 கிலோ. பெட்டிக்கு இரண்டு சில்லுகள். ஆகவே ஒரு சில்லின் மேல் ஏறக்குறைய 1,700 கிலோ இறங்கும். இதில் ஒரு பங்கை உழவு இயந்திரத்தின் கொழுக்கி தாங்குகிறது. ஆனால் பாதுகாப்புக்காக அதைக் கழிக்காமல் விடுவோம். பாதை ஒரு பக்கம் சரிந்திருந்தால் தாழ்ந்த பக்கத்துச் சில்லுக்குப் பாரம் இன்னும் கூடும்.

இந்தப் பெட்டிக்கு 2 தொன் ஜக் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அது எல்லையில் நிற்கும் கணக்கு. எல்லையில் வேலை செய்யும் ஜக்கின் றபர் வளையங்கள் விரைவில் பழுதடையும். நாம் பின்பற்றக்கூடிய விதி இது: ஒரு சில்லின் மேல் இறங்கும் பாரத்தைப்போல் இரண்டு மடங்காவது தூக்கக்கூடிய ஜக்கைத் தெரிவு செய்யுங்கள். மேலே சொன்ன பெட்டிக்கு 5 தொன் ஜக் பொருத்தமானது. இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் சிறிய பெட்டிக்கு 2 அல்லது 3 தொன் போதும். இரண்டு அச்சுள்ள பெரிய லொறி முழுப் பாரத்துடன் 16 தொன் வரை நிற்கும். அதில் பின் அச்சில் மட்டும் 10 தொன் அளவு இறங்கும். அதற்கு 10 தொன்னுக்குக் குறைந்த ஜக் உதவாது.

2. உயரத்தை அளந்து பாருங்கள்

ஜக் வாங்கும்போது அதிகம் மறக்கப்படுவது உயரமாகும். சில்லு நன்றாக இருக்கும்போது அச்சின் உயரத்தை அளந்தால் கணக்குப் பிழைக்கும். காற்றுப்போனால் அச்சு பல அங்குலம் தாழ்ந்துவிடும். அப்பொழுது ஜக்கை உள்ளே நுழைக்க இடம் இருக்காது.

ஆகவே வீட்டில் ஓய்வான ஒரு நாளில் வெறும் பெட்டியின் ஒரு ரயரின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு இரண்டு அளவுகளை எடுங்கள்.

முதலாவது, காற்றில்லாத சில்லுடன் நிலத்திலிருந்து அச்சின் அடிவரையுள்ள உயரம். முழுவதும் இறக்கிய ஜக்கும் அதன் அடியில் வைக்கும் பலகையும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, காற்றுள்ள சில்லுடன் அச்சின் அடிவரையுள்ள உயரம். இதற்கு மேலும் ஓர் அங்குலம் சேருங்கள். முழுவதும் உயர்த்திய ஜக்கும் பலகையும் சேர்ந்து இந்த அளவையாவது எட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப்போன சில்லைக் கழற்றலாம், காற்றுள்ள சில்லைப் பூட்ட முடியாது.

உதாரணமாக முதலாவது அளவு 14 அங்குலம், இரண்டாவது 18 அங்குலம் என்போம். பலகைகள் 4 அங்குலம். ஜக் இறங்கிய நிலையில் 8 அங்குலம். இரண்டும் 12 அங்குலம். எனவே உள்ளே போகும். ஜக் 5 அங்குலம் உயரும், அதன் தலையிலுள்ள திருகு 3 அங்குலம் நீளும் என்றால் மொத்தம் 20 அங்குலம் கிடைக்கும். எமக்குத் தேவை 19 அங்குலமே. இந்த ஜக் பொருந்தும். தலையிலுள்ள திருகைப் பாரம் ஏறுவதற்கு முன்னரே வெளியே திருகிவிட வேண்டும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

3. ஜக் வகைகள்

போத்தல் ஜக்: போத்தல் வடிவில் நிற்கும் இதனுள்ளே ஒயில் இருக்கிறது. கைபிடியால் அடிக்கும்போது சிறிய முசலம் ஒயிலை அழுத்த, அந்த அழுத்தம் பெரிய முசலத்தை மேலே தள்ளும். குறைந்த பலத்தில் பெரிய பாரத்தைத் தூக்கும். பெட்டிக்கும் லொறிக்கும் மிகவும் ஏற்றது. இதன் குறைகள் இரண்டு. நிமிர்த்தி வைத்தே பாவிக்க வேண்டும். கவனமின்றி வைத்தால் ஒயில் ஒழுகும்.

திருகு ஜக்: இதில் ஒயில் இல்லை. புரியாணியைத் திருப்பத் திருப்பப் பாரம் உயரும். மெதுவானது, கைக்கு வேலை அதிகம். ஆனால் நிறுத்திய இடத்தில் நிற்கும். நெடுநாள் பாவிக்காமல் இருந்தாலும் புரிக்குக் கிறீஸ் பூசினால் வேலை செய்யும். நல்ல நிலையில் பழைய திருகு ஜக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

கத்தரி ஜக்: இது காருக்கும் சிறிய வானுக்கும் உரியது. பாரம் ஏற்றிய பெட்டிக்கு இதைப் பாவிக்க வேண்டாம். பக்கவாட்டில் சரிந்து மடங்கும்.

தண்டு ஜக்: மூன்று நான்கு அடி உயரமுள்ள துளையிட்ட இரும்புத் தண்டில் ஏறி இறங்கும் ஜக் இது. காட்டுப்பாதை வாகனங்களில் பூட்டப்பட்டிருப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். சேற்றில் புதைந்த வாகனத்தை உயரமாகத் தூக்க இது உதவும். ஆனால் இது ஆபத்தான கருவி. பாரம் இருக்கும்போது கைபிடி கையை விட்டு நழுவினால் அது வேகமாக மேலும் கீழுமாக அடிக்கும். தாடையை உடைத்துவிடக்கூடிய பலம் அதற்கு உண்டு. தலையையும் முகத்தையும் கைபிடி வரும் பாதையில் வைக்கக்கூடாது. பழகாதவர் கையில் இதைக் கொடுக்கக்கூடாது.

4. பாவித்த ஜக் வாங்கும்போது

புதிய ஜக் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் பழையதை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

• எத்தனை தொன் என்ற எழுத்து உடலில் தெளிவாகத் தெரிகிறதா?
• முசலத்தை முழுவதும் உயர்த்துங்கள். அது பளபளப்பாக இருக்கிறதா? கறள் குழிகள் இருந்தால் அவை றபர் வளையத்தை வெட்டும். வாங்க வேண்டாம்.
• அடித்தட்டில் வெடிப்போ ஒட்டுவேலையோ இருக்கிறதா?
• ஒரு வாகனத்தைத் தூக்கி, அச்சின் கீழே தாங்குகட்டை வைத்துவிட்டு, உயரத்தை அளந்து குறியுங்கள். பத்து நிமிடத்தின் பின் மீண்டும் அளவுங்கள். இறங்கியிருந்தால் உள்ளே கசிவு உண்டு.
• இறக்கும் திருகு இலகுவாகத் திறந்து மூடுகிறதா? பாரம் மெதுவாக இறங்குகிறதா?
• கைபிடி உடன் வருகிறதா? கைபிடி இல்லாத ஜக் அரை ஜக்தான்.

5. ஜக்குக்கு ஒரு பாதம் வேண்டும்

ஜக்கின் அடித்தட்டு ஏறக்குறைய 4 அங்குலத்துக்கு 4 அங்குலம். அதாவது 16 சதுர அங்குலம். 1,700 கிலோ பாரம் இதன் மேல் இறங்கினால் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 100 கிலோவுக்கு மேல் விழும். அதே ஜக்கை 12 அங்குலச் சதுரப் பலகையில் வைத்தால் 12 கிலோவாகக் குறையும். 18 அங்குலச் சதுரப் பலகையில் 5 கிலோ அளவாகக் குறையும்.

இதை ஒரு மனிதருடன் ஒப்பிடுவோம். 60 கிலோ நிறையுள்ளவர் ஒற்றைக் காலில் நின்றால் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 கிலோதான் விழும். அப்படியிருந்தும் சேற்று வயலில் அவரது கால் புதைகிறது. ஆகவே பெரிய பலகை வைத்தாலும் சேற்றில் பாரத்துடன் ஜக் நிற்காது. வயலுக்குள் சில்லு போனால் மூடைகளை இறக்கி, வெறும் பெட்டியை இறுகிய நிலத்துக்குக் கொண்டுவந்த பின்பே ஜக் வைக்க வேண்டும்.

பலகைக்கு முதிரை, பாலை போன்ற வைரமான மரம் நல்லது. 2 அங்குலத் தடிப்புள்ள இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக வையுங்கள். அப்பொழுது ஒன்று வெடித்தாலும் மற்றது தாங்கும். மேல் பலகையின் நடுவில் ஒரு தகட்டை ஆணியடித்து விட்டால் ஜக் வழுக்காது.

பலகையையும் அடைக்கட்டைகளையும் வாகனத்துடனேயே கொண்டு செல்வதற்கு இன்னொரு முக்கிய காரணமும் உண்டு. சில்லு போனதும் அடை வைக்கக் கல் தேடி வீதியோரப் பற்றைக்குள் இறங்குவது எமது வழக்கம். யுத்தம் நடந்த பிரதேசங்களில் இது உயிராபத்தை வரவழைக்கும். மிதிவெடி அபாயக் குறி இடப்பட்ட இடங்களிலும், அகற்றி முடித்ததாக அறிவிக்கப்படாத இடங்களிலும் வீதியை விட்டு இறங்கவே கூடாது. அறியாத பொருளைக் கல்லென்று எடுக்கக்கூடாது. ஒரு கட்டைக்காக ஒரு கால் போகக்கூடாது.

6. எங்கே வைப்பது?

2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுப் பொருட்கள் அனைத்தையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இடம் விட்டு இடம் மாறின. கூரைத்தகடு, மூடை, பாத்திரம், படுக்கை எல்லாவற்றுக்கும் அடியில் ஜக் கிடந்தால், ஒரு சில்லுக்காக முழுப் பெட்டியையும் இறக்க நேரிடும். நெல் ஏற்றும்போதும் இதே நிலைதான். ஆகவே முதலாவது விதி: எவ்வளவு பாரம் ஏற்றினாலும் எதையும் இறக்காமல் எடுக்கக்கூடிய இடத்தில் ஜக் இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி: ஜக் ஒருபோதும் தளர்வாகக் கிடக்கக்கூடாது. லொறியின் முன்னறையில் சாரதியின் காலடியில் உருளும் ஜக், பிறேக் மிதியின் கீழே போய் இறுகினால் பிறேக் பிடிக்காது. மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் லொறி ஒன்றில் மோதி அரை மீற்றருக்குள் நின்றால், 5 கிலோ ஜக் ஏறக்குறைய 60 கிலோ பலத்துடன் முன்னோக்கிப் பாயும். பெட்டியில் பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும்போது அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது விதி: தாழ்வாகவும், வீதியின் நடுப்பக்கத்துக்கு எதிர்ப்புறமாகவும் வையுங்கள். எமது நாட்டில் வாகனம் இடப்பக்கமாகச் செல்வதால் பெட்டியின் இடப்பக்க முன்மூலை நல்லது. ஜக்கை எடுப்பவர் மற்ற வாகனங்கள் வரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. சில்லுக்கு நேர் பின்னால் வைக்க வேண்டாம். சேறும் கல்லும் அங்கேதான் தெறிக்கும்.

உரமூடை, பற்றறி, மண்ணெண்ணெய்க் கலன் ஆகியவற்றுடன் ஜக்கைச் சேர்த்து வைக்க வேண்டாம். உரம் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். பற்றறியின் அமிலமும் அப்படியே.

7. எப்படிப் பூட்டி வைப்பது?

உங்கள் ஊர் ஒட்டுவேலைக்காரரைக் கொண்டு ஓர் இரும்புப் பெட்டகம் செய்விக்கலாம். உள்ளளவு 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 12 அங்குல உயரம் இருந்தால் போத்தல் ஜக்கும் சில்லு நட் கழற்றும் சாவியும் மடித்த அல்லது இரண்டாகக் கழற்றிய கைபிடியும் அடங்கும்.

(அ) பெட்டகத்தின் அடியில் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியத் துளையிடுங்கள்.

(ஆ) அடியில் ஒரு மரக்கட்டையைப் பொருத்தி, ஜக்கின் அடித்தட்டு இறுக்கமாக உட்காரும்படி குழி வெட்டுங்கள். இதனால் ஜக் பக்கவாட்டில் நகராது.

(இ) ஜக்கின் தோளுக்கு மேலாக ஓர் இரும்புப் பட்டியை வைத்து இரண்டு பக்கமும் கையால் திருகும் நட் கொண்டு இறுக்குங்கள். இதனால் ஜக் மேலே எழாது. பழைய ரியூப்பில் வெட்டிய றபரைப் பட்டியின் கீழே வைத்தால் சத்தம் இருக்காது. றபர்ப் பட்டியை மட்டும் நம்பிக் கட்ட வேண்டாம். வெயிலில் அது வெடித்து அறுந்துவிடும்.

(ஈ) பெட்டகத்தைக் குறைந்தது நான்கு போல்ற்றால் பெட்டியின் சட்டத்தில் பூட்டுங்கள். அகன்ற வாசரும் இரட்டை நட்டும் இடுங்கள். லொறியானால் அடிச்சட்டத்தில் புதிதாகத் துளையிடவோ ஒட்டவோ வேண்டாம். சட்டம் பலவீனமடைந்து வெடிக்கும். ஏற்கனவே உள்ள துளைகளையோ பிடிகளையோ பயன்படுத்துங்கள். வாகனத்தில் எந்த ஒட்டுவேலை செய்வதற்கு முன்பும் பற்றறியைக் கழற்றி விடுங்கள்.

(உ) மூடிக்குக் கொண்டியும் பூட்டும் போடுங்கள். ஒரு திறப்பு சாரதியிடமும் மற்றது வீட்டிலும் இருக்கட்டும்.

பலகைகளையும் அடைக்கட்டைகளையும் பெட்டியின் அடித்தளத்துக்குக் கீழே இரண்டு மூலை இரும்புகளுக்கிடையில் செருகி ஊசி போட்டு வைக்கலாம்.

திருகு ஜக்கை வைப்பது இன்னும் இலகு. மேலும் கீழும் அடைப்புள்ள ஒரு கூட்டினுள் நிறுத்தி, மேல் தட்டில் முட்டும்வரை திருகி இறுக்கினால் அது அசையாது. தண்டு ஜக்கானால் இரண்டு இடங்களில் போல்ற் கொண்டு பூட்ட வேண்டும். ஒரே இடத்தில் பூட்டினால் குலுக்கத்தில் அது சுழன்று தளரும். அதன் கைபிடியைத் தண்டுடன் சேர்த்துக் கட்டி, ஏறி இறங்கும் பகுதியைத் தடித்த துணியால் மூடுங்கள்.

வேலை முடிந்ததும் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். பின்னர் வெறும் பெட்டியுடன் கிரவல் பாதையில் ஒரு கிலோமீற்றர் ஓடி, எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள்.

8. பராமரிப்பு

போத்தல் ஜக்கை எப்பொழுதும் முசலத்தை முழுவதும் இறக்கி, நிமிர்த்தியே வைக்க வேண்டும். வெளியே நீட்டி நிற்கும் முசலம் கறள் பிடிக்கும். படுக்க வைத்தால் ஒயில் ஒழுகவும் காற்று உள்ளே போகவும் கூடும். ஒயில் குறைந்தால் ஜக்குக்குரிய ஹைட்ரோலிக் ஒயிலை மட்டும் விடுங்கள். பிறேக் ஒயில் றபர் வளையங்களைப் பழுதாக்கும். எரிந்த எஞ்சின் ஒயிலில் அழுக்கும் இரும்புத் தூளும் உண்டு.

மாதம் ஒருமுறை வெறும் ஜக்கை உயர்த்தி இறக்கிப் பாருங்கள். வெள்ளத்திலோ சேற்றிலோ நனைந்தால் அன்றே கழுவித் துடைத்து மெல்லிய ஒயில் பூசுங்கள்.

9. பாவிக்கும் ஒழுங்கு

1. பெட்டியிலுள்ள எல்லோரையும் இறக்கி, பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள்.

2. எஞ்சினை நிறுத்தி, கைப் பிறேக் போட்டு, கியரில் விடுங்கள். இரண்டு சில்லுப் பெட்டியை உழவு இயந்திரத்திலிருந்து கழற்ற வேண்டாம். கழற்றினால் பெட்டி முன்னோ பின்னோ கவிழும்.

3. தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடை வையுங்கள். கியரும் சில லொறிகளின் கைப் பிறேக்கும் பின் சில்லுகளை நேரே பிடிப்பதில்லை. ஒரு பின் சில்லு நிலத்தை விட்டு எழுந்ததும் அது சுற்றத் தொடங்கி வாகனம் நகரும். அடை ஒன்றே அதைத் தடுக்கும்.

4. உழவு இயந்திரத்தின் பின் சில்லைத் தூக்கும்போது, அசையும் முன் அச்சின் இரு பக்கமும் மர ஆப்பு இறுக்குங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் சரியும்.

5. தூக்குவதற்கு முன் சில்லு நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.

6. ஜக்கை அச்சின் கீழே, சில்லுக்குக் கிட்டவாக வைத்துத் தூக்கி, உடனே தாங்குகட்டையை அச்சின் கீழே வையுங்கள். ஜக் தூக்குவதற்கான கருவி, தாங்கி வைத்திருப்பதற்கானதல்ல. ஜக்கை மட்டும் நம்பி உடம்பில் எந்தப் பகுதியையும் கீழே நுழைக்கக்கூடாது.

7. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, சில்லு நிலத்தில் ஊன்றியதும் மறுபடியும் இறுக்குங்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடிய பின் இன்னொரு முறை இறுக்குங்கள்.

8. புறப்படுமுன் ஜக், கைபிடி, சாவி, பலகை, கட்டை என்று ஐந்தையும் எண்ணி உரிய இடத்தில் பூட்டுங்கள்.

10. ஊருக்கு ஒரு ஜக்

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்க முடியாத இடங்களில், மீள்குடியேறிய நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல 5 தொன் ஜக்கை வாங்கலாம். கமக்கார அமைப்பின் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யார் பொறுப்பு, திறப்பு எங்கே, இரவில் தேவைப்பட்டால் யாரை எழுப்புவது, பழுதானால் செலவு யாருடையது என்பவற்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கொண்டுபோன நாளையும் திருப்பித் தந்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொதுப்பொருள் கெட்டுப்போவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, பொறுப்பாளர் இல்லாததால்தான்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பெட்டியில் ஏற்றும் ஆகக்கூடிய பாரம் எவ்வளவு? ஒரு சில்லுக்கு எவ்வளவு விழும்?

2. உங்கள் ஊரிலுள்ள ஜக்குகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். எத்தனை வேலை செய்கின்றன?

3. முழுப் பாரத்துடன் நிற்கும் பெட்டியிலிருந்து எதையும் இறக்காமல் ஜக்கை எடுக்க முடிகிறதா? எத்தனை நிமிடம் செல்கிறது?

4. சாரதியைத் தவிர வீட்டில் வேறு யாருக்கு ஜக் பாவிக்கத் தெரியும்? பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு இதை எப்படிப் பழக்கலாம்?

இந்த நான்கு கேள்விகளுக்கும் அடுத்த அறுவடைக்கு முன் விடை காணுங்கள். பாரம் ஏற்றிய பின் தேடத் தொடங்கினால் காலம் பிந்திவிடும்.